குளத்துக் கெண்டையும் குடிவந்த நாமும்

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவது மரபு. இவ்வாண்டு நமது காலனிப் பூங்காவின் குளத்தையும், அக்குளத்தில் சிறு கெண்டை பிடிக்கும் பொழுதுபோக்கையும் பற்றிப் பேசுமாறு செயலாளர் பணித்தபோது, ஞாயிறுதோறும் அக்குளக்கரையில் தூண்டிலோடு அமரும் எங்கள் சிறு குழுவினர்க்கு வியப்பும் மகிழ்ச்சியும் ஒருங்கே உண்டாயின. தூண்டில் போடுவோர் பேசாதிருப்பதில் பழகியவர்கள். மேடையில் பேசுவதில் பழகியவர்கள் அல்லர். ஆயினும் பேச வேண்டிய காரணம் ஒன்று நேர்ந்திருக்கின்றது. அதனை இறுதியிற் கூறுவோம். முதலில் மீனைப் பற்றிப் பேசுவோம்.

கெண்டை தமிழர்க்குப் புதிதன்று. பாண்டியர் தம் கொடியிலும் காசிலும் பொறித்தது கயல். மதுரையில் வீற்றிருக்கும் அன்னைக்கு அங்கயற்கண்ணி என்பது பெயர். கயல், சேல், கெண்டை என்று நம் புலவர்கள் மாதர் விழிக்கு உவமை கூறிய மீன்கள் யாவும் ஒரே பெருங்குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆயினும் உவமையில் கெண்டையைக் கண்டோர் பலர். உள்ளங்கையில் கண்டோர் சிலர். இக்கல்கத்தா நகரில் பிறந்து வளரும் நம் குழந்தைகளிற் பலர் கயல்விழி என்று பெயர் தாங்கியும், கயல் என்பது எத்தகைய மீன் என்று கேட்டால் அன்னையின் முகத்தைப் பார்க்கின்றனர். அவர்கள் பார்க்க வேண்டியது நம் பூங்காக் குளத்தை.

நமது குளத்தில் உள்ள சிறு மீன்களில் முதன்மையானது, வங்காளியர் 'பூண்டி' என அழைக்கும் மீன். சென்னைக்கு நீர் வழங்கும் பூண்டி ஏரியின் பெயரை அது நினைவூட்டும். டகரத்தை மட்டும் சற்று வன்மையாக ஒலித்தல் வேண்டும். வெள்ளிக் காசு போன்ற உடல். வாலின் அடியில் ஒரு கரும்பொட்டு. விரல் நீளம் முதல் உள்ளங்கை நீளம் வரை வளர்ச்சி. நம்மூர் வாய்க்காலில் துள்ளும் கெண்டைக்கு இது உடன்பிறப்பு. அடுத்தது 'மௌரலா'; மெலிந்து நீண்டு, பக்கவாட்டில் ஒரு வெள்ளிக் கோட்டோடு திகழ்வது. மூன்றாவது 'பாட்டா', இது சற்றுப் பெரிதாக வளரும் கெண்டை.

இப்பெயர்களுக்கு ஒரு பெருமை உண்டு. கங்கை ஆற்று மீன்களை ஆராய்ந்து 1822-இல் நூல் வெளியிட்ட பிரான்சிஸ் ஹாமில்டன் என்னும் ஸ்காத்லாந்து மருத்துவர், மீன்களுக்கு அறிவியற் பெயர் சூட்டும்போது புதுப்பெயர் தேடி அலையவில்லை. இந்நாட்டு மக்கள் வழங்கிய பெயர்களையே இலத்தீன் நடைக்கு ஏற்ப எடுத்துக்கொண்டார். கட்லா, ரோகிதா, மிருகாலா, பாட்டா, மோலா என்று உலக விஞ்ஞானிகள் இன்றும் எழுதும் பெயர்கள் யாவும் இந்நாட்டு மக்களின் வாய்ச்சொற்கள். 'புண்டியஸ்' என்று அறிவியல் கூறும் சிறு கெண்டை இனத்தின் பெயரே வங்காளப் பூண்டியிலிருந்து பிறந்தது. காவிரிக் கரையில் நாம் பிடித்த கெண்டைகளிற் பலவும் நூல்களில் இவ்வங்காளப் பெயரையே தாங்கி நிற்கின்றன. தமிழ்க் கெண்டை வங்கப் பெயரோடு வாழ்வதில் இழிவு ஒன்றும் இல்லை. வங்க மண்ணில் தமிழ்ப் பெயரோடு வாழும் நமக்கு இது நன்கு விளங்கும்.

மீன்கள் குடிபெயர்ந்த கதை இன்னும் சுவையானது. கட்லா, ரோகு, மிர்கால் என்னும் மூன்று பெருங்கெண்டைகளுக்கும் கங்கைச் சமவெளி பழம்பெருந் தாயகம். இன்று அவை மேட்டூர் முதலான தமிழக நீர்த்தேக்கங்களில் வளர்கின்றன. தமிழகத்துச் சந்தைகளில் விற்கின்றன. உதகை ஏரிக்கோ 1939-இல் இலங்கையிலிருந்து ஒரு கெண்டை இனம் கொண்டுவந்து விடப்பட்டது. நாம் காவிரியிலிருந்து கங்கைக்கு வந்தோம். கங்கைக் கெண்டை காவிரிக்குச் சென்றது. கணக்கு ஒருவாறு சரியாயிற்று எனலாம்.

ஆயினும் பெருங்கெண்டைக்கும் சிறு கெண்டைக்கும் ஒரு வேறுபாடு உண்டு. பெருங்கெண்டைகள் மழைக்காலத்தில் பெருகியோடும் ஆற்று நீரில் முட்டையிடும் இயல்பின. தேங்கிய குளத்தில் எத்தனை ஆண்டு வளர்ந்தாலும் தாமாக இனம் பெருக்குவதில்லை. ஆகையால் முற்காலத்தில் ஆற்றிலிருந்தே குஞ்சுகளை அரித்தெடுத்து வந்து குளங்களில் விட்டனர். 1957-ஆம் ஆண்டு ஜூலை 10-ஆம் நாள், ஒரிசாவின் அங்குல் நகரில், ஹீராலால் சௌதுரி என்னும் வங்க அறிஞர், மீனின் மூளையடிச் சுரப்பியிலிருந்து எடுத்த சாற்றை ஊசி வழியே செலுத்தி, பெருங்கெண்டையைக் குளத்து நீரிலேயே முட்டையிடச் செய்தார். இந்திய மீன் வளர்ப்பின் வரலாறு அன்று திரும்பிற்று. ஜூலை 10 இன்றும் தேசிய மீன் விவசாயிகள் நாளாகக் கொண்டாடப்படுகின்றது. பூண்டிக்கும் மௌரலாவுக்கும் அத்தகைய ஊசி ஒன்றும் வேண்டுவதில்லை. மழை பெய்து, கரையோரப் புல் நீரில் மூழ்கினால் போதும். அங்கேயே முட்டையிட்டு, அங்கேயே பெருகும். பெருங்கெண்டை குளத்திற்கு வந்த விருந்தாளி. சிறு கெண்டையோ குளத்தின் குடிமகன். எனவே ஒரு குளம் உயிரோடு இருக்கின்றதா என்று அறிய விரும்புவோர், அங்கு விற்பனைக்கு வளர்க்கும் பெரிய மீனைக் காண வேண்டுவதில்லை. தானே பெருகும் சிறு கெண்டை உண்டா என்று காண்டலே போதும்.

இனித் தூண்டிலுக்கு வருவோம். இதுவும் பழங்கலையே. மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் பன்னிரண்டாம் நூற்றாண்டில் இயற்றிய 'மானசோல்லாசம்' என்னும் வடமொழி நூலில், அரசர்க்குரிய பொழுதுபோக்குகளில் ஒன்றாக மீன்பிடித்தல் இடம்பெற்று, மீன் வகைகளும் அவற்றுக்கு இடும் தீனியும் விரித்துரைக்கப்பட்டுள்ளன. அரசர்க்கு உரியது ஆயினும் அரச செல்வம் வேண்டாத பொழுதுபோக்கு இது. மெல்லிய மூங்கிற் கழி ஒன்று, நரம்பு சிறிது, மிகச் சிறிய முள், மிளகளவு ஈயக்குண்டு, நீர்மேல் நிற்க ஒரு தக்கை. வங்காளியர் இத்தக்கையைப் 'பாத்னா' என்பர். மயிலிறகின் தண்டிலும் நெட்டியிலும் செய்வர். கழிக்குச் 'சிப்' என்றும், முள்ளிற் கோக்கும் இரைக்கு 'டோப்' என்றும், மீனை அவ்விடத்திற்கு அழைக்க நீரில் தூவும் தீனிக்குச் 'சார்' என்றும் பெயர். கடுகுப் பிண்ணாக்கு, வறுத்த தவிடு, வெந்தயப் பொடி ஆகியவற்றைப் பிசைந்து சார் கூட்டும் முதியவர்கள், நம் வீட்டு மூதாட்டியர் சாம்பார்ப் பொடியின் அளவை எங்ஙனம் மறைப்பரோ அங்ஙனமே தம் அளவை மறைப்பர்.

சிறு கெண்டைக்கு இத்தனை ஆரவாரம் வேண்டா. பிசைந்த கோதுமை மாவில் மிளகளவு உருண்டை போதும். செவ்வெறும்பின் முட்டை கிடைத்தால் மேலும் நன்று. கெண்டையின் தாடையில் பற்கள் இல்லை. தொண்டையினுள்ளேதான் பற்கள் உண்டு. அதற்கு இரைப்பையும் இல்லை. ஆகையால் பெரிய இரையை விழுங்கிக் கிடக்க இயலாது. சிறிது சிறிதாக, அடிக்கடி உண்டுகொண்டே இருக்கும். இரையை உறிஞ்சிப் பார்க்கும், பிடிக்காவிடின் உமிழும். தக்கை முதலில் நடுங்கும். பிறகு சற்றே நகரும். பிறகு சாயும் அல்லது அமிழும். நடுங்கும்போது இழுப்பவன் வெறும் முள்ளைக் காண்பான். அமிழ்ந்த பின்னும் காத்திருப்பவன் மாவு போன முள்ளைக் காண்பான். இடையில் உள்ள அந்த ஒரு நொடியை அறிவதே கலை. மூதுரையில் ஔவையார் காட்டிய கொக்கு, சிறு மீன்களைப் போகவிட்டுப் பெருமீனுக்குக் காத்திருந்தது. எங்கள் குழுவினர் அக்கொக்கினும் எளியவர்கள். சிறு மீனுக்கே காத்திருக்கின்றோம்.

காலைக் கதிரவன் எழுந்த இரண்டு மணி நேரமும், மாலையில் வெயில் தாழ்ந்த பின்னும் ஏற்ற பொழுதுகள். நிழல் நீர்மேல் விழாதவாறு அமர்தல் வேண்டும். காலடி ஓசையை மீன் உணரும். ஆகையால் ஓடியாடும் பிள்ளைகளும் அங்கு மெல்ல நடக்கக் கற்கின்றனர். வீட்டில் பத்து நிமிடம் ஓரிடத்தில் அமராத சிறுவன், தக்கையை நோக்கி ஒரு மணி நேரம் அமர்ந்திருப்பதை அவனுடைய அன்னையர் வந்து பார்த்து வியந்ததுண்டு.

இவ்விடத்தில் நம் தாய்மார்களிற் சிலர் மனத்தில் எழும் வினா ஒன்றை நாம் மறைத்தல் தகாது. "மரக்கறி உண்ணும் வீட்டுப் பிள்ளை தூண்டில் பிடிக்கலாமா?" என்பது அவ்வினா. இது சிரித்துத் தள்ளத்தக்க வினா அன்று. கொல்லாமையைத் தலையாய அறமாக வைத்த மொழி நம் மொழி. எங்கள் குழுவில் மீன் உண்போரும் உளர்; உண்ணாதோரும் உளர். ஆகவே சில விதிகளை வகுத்துக்கொண்டோம். முள்ளின் கொக்கி முனையைக் குறட்டினால் நசுக்கி மழுக்கிவிடுகின்றோம். அதனால் மீனை ஊறின்றி எளிதில் கழற்றலாம். கையை நனைத்துக்கொண்டே மீனைத் தொடுகின்றோம். உலர்ந்த கை அதன் மேற்பூச்சை உரித்துவிடும். முட்டை தாங்கிய மீனை மழைக்காலத்தில் ஒருவரும் கொள்வதில்லை. உண்போர் ஒருவேளைக் குழம்புக்கு மேல் எடுப்பதில்லை. வங்காளியர் மனவுரம் இல்லாதவனைப் 'பூண்டி மீனின் உயிர்' உடையவன் என்பர். நீரைவிட்டு எடுத்த சிறு பொழுதில் உயிர்விடும் மீன் அது. ஆகையால் மீள விடுவதாயின் விரைந்து விடவேண்டும். முள் என்பதையே விரும்பாத பிள்ளைகள் உளர். அவர்கள் கையில் நோட்டும் பென்சிலும் கொடுத்து, கரையில் காணும் மீன்களை எண்ணி எழுதச் சொல்கின்றோம். எங்கள் குழுவில் மிகக் கூரிய கண் உடையவள், இன்றுவரை தூண்டிலைத் தொடாத ஒரு சிறுமியே.

சிறு மீனை இகழ்வது எந்நாட்டிலும் வழக்கம். வங்காளியர் எளிய மனிதரைச் 'சுனோபூண்டி' என்பர். நாமும் "கெண்டையைப் போட்டு விராலை இழு" என்கின்றோம். கெண்டை இங்கு வெறும் இரை. ஆயினும் சிறு மீனின் அருமையை உலகம் இப்போது உணர்கின்றது. வங்கதேசத்தில் ஏழைக் குடும்பங்களின் குளங்களில் பெருங்கெண்டையோடு மௌரலாவையும் வளர்க்க வழிகாட்டிய சகுந்தலா ஹரக்சிங் தில்ஸ்டெட் அம்மையார்க்கு 2021-ஆம் ஆண்டின் உலக உணவுப் பரிசு வழங்கப்பட்டது. இந்திய வமிசத்தில், டிரினிடாட் தீவில் பிறந்தவர் அவர். முழுதாக உண்ணப்படும் அச்சிறு மீனில், கண்ணொளிக்கு இன்றியமையாத வைட்டமின் 'ஏ' நிறைந்துள்ளது என்பதை அவர்தம் ஆய்வு எடுத்துக்காட்டிற்று. கண்ணுக்குக் கயலை உவமை கூறினர் நம் புலவர். கண்ணுக்குக் கயலினம் மருந்தாவதை அம்மையார் காட்டினார்.

அன்பர்களே! இனி, பேச நேர்ந்த காரணத்தைக் கூறுவோம்.

கடந்த கோடையில், காற்றசையாத மேகமூட்டமான நாட்களைத் தொடர்ந்து, ஒரு விடியற்காலை நம் குளத்து மீன்கள் நீர்மட்டத்திற்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. அன்று நடுப்பகலுக்குள் பல மிதந்தன. இதன் காரணம் மறைபொருள் அன்று. நீரில் உள்ள பாசி பகலில் பிராண வாயுவை வெளியிடும். இரவில் பாசியும் மீனும் அழுகும் பொருள்களும் யாவும் அதனையே உட்கொள்ளும். பூசைப் பூக்களும், உணவு மிச்சமும், சாக்கடை நீரும் மிகும்போது, விடியலுக்கு முன் வாயு வற்றிவிடும். கோடை வெப்பத்தில் நீர் தாங்கும் வாயுவும் குறைவு. இவ்வறிகுறியை முதலிற் கண்டவர்கள், விடியலில் தூண்டிலோடு வந்த இரண்டு முதியவர்களே. ஒருவர் நம்மவர், மற்றவர் பிள்ளைகள் 'தாது' என்று அழைக்கும் வங்காளப் பெரியவர். அவர்கள் ஓடிச்சென்று சொன்னதனாலேயே பம்பு வைத்து நீரைக் கலக்கி, எஞ்சிய மீன்களைக் காக்க முடிந்தது.

இதன் பின்னர் ஒரு திட்டம் எழுந்துள்ளது. குளத்தின் கரை நான்கையும் சிமெண்டுச் சுவராக்கி, சுற்றிலும் கம்பிவேலி இட்டு, மீன்பிடித்தலை நிறுத்தி, நடுவில் வண்ண விளக்கு நீரூற்று அமைப்பது என்பது அத்திட்டம். திட்டமிட்டோர் நல்லெண்ணம் உடையவர்களே. குளத்தைக் காக்கவே விரும்புகின்றனர். பிள்ளைகள் தவறி நீரில் விழலாகாது என்ற அவர்கள் கவலையும் நேர்மையானது. ஆயினும் கரைப்புல் இன்றேல் கெண்டை முட்டையிட இடம் இல்லை; வேலி இட்டால் விடியலில் நீரைக் காண வருவார் இல்லை. அழகிய தொட்டி ஒன்று மிஞ்சும்; குளம் இராது. ஆழமான மூன்று பக்கங்களில் தடுப்பும், ஆழமற்ற ஒரு பக்கத்தில் மண்கரையும் என்பது எங்கள் வேண்டுகோள். நீரூற்றை நாங்கள் எதிர்க்கவில்லை. விடியலுக்கு முன் இயக்கினால் அது மீனுக்கும் மூச்சு அளிக்கும்.

இந்நகரின் நீர்நிலைகள் தாமாக நின்றவை அல்ல. நம்மவர் பலர் மாலையில் உலாவும் இரவீந்திர சரோவர், 1920-களில் நகர மேம்பாட்டு டிரஸ்டு சதுப்பு நிலத்தைத் தோண்டி உண்டாக்கியது. 'லேக்' என்றே வழங்கிவந்து, 1958-இல் மகாகவி தாகூரின் பெயரைப் பெற்றது. அந்த லேக்கின் அருகில் தமிழ்க் குடும்பங்கள் குடியேறி, லேக் மார்க்கெட்டில் முருங்கைக்காயும் காப்பிப் பொடியும் கிடைக்கச் செய்த வரலாறு நீங்கள் அறிந்ததே. மேற்கு வங்க உள்நாட்டு மீன்வளச் சட்டம், ஏறத்தாழ 5 கட்டாவும் அதற்கு மேலும் பரப்புள்ள குளங்களைத் தூர்ப்பதைத் தடை செய்துள்ளது. குளத்தைத் தூர்ப்பதைச் சட்டம் தடுக்கும். குளம் மெல்ல உயிரிழப்பதைத் தடுக்க, கரையில் மனிதர் வேண்டும்.

அந்தக் கூட்டத்தில் நம் காலனியின் வங்காளக் குடும்பங்கள் பேசின. பீகார்க் குடும்பங்கள் பேசின. நம்மவர் வரிசையில் ஒருவர் மற்றொருவரிடம் மெல்லச் சொன்னது காதில் விழுந்தது: "சார், இது அவங்க ஊரு, நமக்கு எதுக்கு?"

அன்பர்களே! வங்காளியரிடம் ஒரு பழமொழி உண்டு. 'மீனைப் பிடிப்பேன், நீரைத் தொடமாட்டேன்' என்பது அதன் பொருள். பயன் மட்டும் கொண்டு பொறுப்பில் நனையாத மனிதரை அவ்வாறு சொல்வர். இந்நகர் நமக்கு வேலை தந்தது. பிள்ளைகளுக்குக் கல்வி தந்தது. நம் சங்கத்திற்கு இந்த மேடையும் தந்தது. மீனைக் கொண்டோம். நீரைத் தொட மறுக்கும் மக்கள் என்னும் சொல் நம்மேல் வரலாமா? நம்மிற் பெரியோர் பெருங்கெண்டையைப் போல வேறு நீரிலிருந்து வந்தவர்கள். நம் குழந்தைகளோ இக்குளத்திலேயே பிறந்த சிறு கெண்டைகள். அவர்களுக்கு இது பிறர் ஊர் அன்று, பிறந்த ஊர்.

எனவே எங்கள் குழுவின் சார்பில் மூன்று வேண்டுகோள்களை உங்கள் முன் வைக்கின்றோம். ஒன்று: ஒரு கரையையேனும் மண்ணும் புல்லுமாக விட்டு, அங்கே முறையான அனுமதியோடு சிறு மீன் பிடிக்க இடமளிக்குமாறு வேண்டும் விண்ணப்பம் வெளியே மேசைமேல் உள்ளது. வங்காள நண்பர்கள் எழுதியது. நம்மவர் கையெழுத்திற்குரிய இடம் இன்னும் வெறுமையாக உள்ளது. இரண்டு: கொலுவும் பூசையும் முடிந்த பின் பூக்களையும் மாலைகளையும் நீரில் இடாது, பூங்காவின் எருக்குழியில் இடுவோம். மூன்று: வரும் ஞாயிறு காலை ஆறு மணிக்குக் குழந்தைகளோடு குளக்கரைக்கு வாருங்கள். சிறு பிள்ளைகள் பெரியோர் கைப்பிடியிலேயே இருத்தல் வேண்டும். கழிகள் எங்களிடம் உண்டு. நோட்டும் பென்சிலும் உண்டு. தமிழ்ப் பெயரை நீங்கள் சொல்லுங்கள். வங்கப் பெயரை அந்தத் 'தாது' சொல்வார். மீன் கிடைக்கும் என்று உறுதி கூற எங்களால் இயலாது. தூண்டிற்காரன் கூறும் உறுதியை நம்பும் வழக்கம் எந்நாட்டிலும் இல்லை.

 நம் குளமும் அதன் கெண்டையும் நீடு வாழ்க! வளர்க தமிழ்!